ஒரு கட்டைக்கு ஒரு கம்பி

கல்யாணமாகி நான் சிவகாசிக்கு வந்த மறுவாரம் சென்னையிலிருந்து என் பியானோ வந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. வீடு எங்கள் அச்சகத்துக்கு மேலே மாடியில் இருந்தது. கீழே காலண்டரும் பட்டாசுப் பெட்டிக்கான லேபிளும் ஓடும். மேலே நான், என் கணவர், அவருடைய அம்மா. மாடிப்படி ரொம்பக் குறுகல். பீரோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நடுவில் திரும்ப முடியாமல் நின்றுவிடுவார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோதே அப்பா அந்தப் படியைப் பார்த்துவிட்டு, "பியானோ இதுல ஏறாதும்மா" என்று என்னிடம் சொன்னார்.

சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. சென்னையில் பழைய பியானோக்களைப் பழுதுபார்க்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தார். அந்த மனிதர் தன் பட்டறையில் சொந்தமாக ஒரு சின்னப் பியானோ செய்து பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே இருக்கிற சுத்தியல் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடிக்கும். அத்தனை கம்பிகளின் இழுப்பையும் தாங்குவதற்குத்தான் உள்ளே அவ்வளவு இரும்பு. இவர் செய்ததில் ஒரு கட்டைக்கு ஒரே கம்பி. இழுப்பு குறைவு, அதனால் இரும்பும் குறைவு. அப்பா அதையே எனக்கு வாங்கினார். லாரியிலிருந்து அதை இறக்கிய லோடுமேன்கள் இரண்டு பேரும் படியேறும்போதே சிரித்தார்கள். "என்னக்கா, உள்ள இருந்ததெல்லாம் சென்னையிலயே எடுத்து வச்சுக்கிட்டாகளா?" என்று ஒருவர் கேட்டார்.

அதன் சத்தமும் அப்படித்தான், லேசாக இருக்கும். தட்டிய கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். என் பியானோ டீச்சர் பட்டறையில் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, "சோகை பிடிச்ச சத்தம்" என்று முகத்தைச் சுளித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் விரும்பி வாசித்ததெல்லாம் பரோக் என்று சொல்கிற ஐரோப்பிய இசை. முந்நூறு வருசப் பழசு. பியானோ என்ற ஒன்று வருவதற்கு முன்பே, கம்பியைச் சுண்டிச் சத்தம் எழுப்புகிற வேறொரு வாத்தியத்துக்காக எழுதப்பட்டவை. டீச்சர் வீட்டுப் பெரிய பியானோவில் வாசிக்கும்போது அவை கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். இதில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. நீளமாக நிற்க வேண்டிய சுரம் இதில் நிற்காது என்பதால் நானே சில இடங்களில் இரண்டு முறை தட்டினேன். சில இடங்களில் பக்கத்துச் சுரத்தோடு சேர்த்து உதற வைத்தேன். எழுதியிருக்கிறபடி வாசிக்கவில்லை என்று கண்டிக்க சிவகாசியில் யாரும் இல்லை. முதல் இரண்டு வருசம் அந்தச் சுதந்திரத்திலேயே சந்தோசமாகப் போனது.

என் கணவருக்கு சினிமாப் பாட்டைத் தவிர வேறு சங்கீதம் எதுவும் தெரியாது. ஆனால் அவருக்கு அபாரமான காது. மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கீழே மூன்று மிசின் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அது ஒரே இரைச்சல். திடீரென்று தட்டை நகர்த்திவிட்டு, "உள்பக்கத்து மிசின்ல பேப்பர் சிக்கப் போகுது" என்று எச்சில் கையோடு இறங்கி ஓடுவார். போய்ப் பார்த்தால் அப்போதுதான் சிக்கியிருக்கும். ஒருமுறை நான் வாசித்து முடித்ததும், "அந்த ஓரத்துல ஒரு கட்டை மட்டும் அழுவுதே, ஏன்?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால் ஒரு கம்பியின் சுருதி நூலிழை இறங்கியிருந்தது. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, "அந்த நடக்குற பாட்ட வாசி" என்பார். இடது கை ஒரே சீராகக் காலடி வைக்கிற மாதிரிப் போகும், வலது கை கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்துகொள்ளும், அப்படி ஒரு மெதுவான உருப்படி அது. முடிவதற்குள் தூங்கிவிடுவார். விரல் நகக்கண்களில் மை அப்பியிருக்கும்.

மூன்றாம் வருசம், அன்றைக்கு சீசன் உச்சத்தில் இருந்தது. தீபாவளிக்கு அனுப்ப வேண்டிய சரக்குக்கெல்லாம் லேபிள் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு புஸ்வாணப் பெட்டி லேபிளில் சிவப்பு சரியாக வரவில்லை. மறுபடி ஒரு புரூஃப் அடித்து, ஆளை அனுப்பினால் சரியாக வராது, நானே காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஸ்கூட்டரில் கிளம்பினார்.

நான் அடுப்படியில் இருந்தேன். கீழே ஒரு மிசின் நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் நின்றன. சீசன் நேரத்தில் பகலில் அந்தக் கட்டடம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. போர்மேன் படியேறி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மதினி, அண்ணாச்சி போன கம்பெனில வெடிச்சிருச்சாம்."

"அவனுக்கு என்ன?" என்று என் மாமியார்தான் கேட்டார்.

"உசுரோட இருக்காக. மருதைக்குக் கொண்டு போயிருக்காகளாம்."

மருந்து கலக்கிற அறை வெடித்திருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. இவர் அந்த அறையிலிருந்து தள்ளி, ஆபீஸ் வாசலில் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். தூக்கி எறிந்ததில் ஒரு வேப்பமரத்தடியில் போய் விழுந்தார். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அவருக்கு அந்தச் சத்தம்கூட ஞாபகம் இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது முதுகிலும் ஒரு கையிலும் கட்டு. இரண்டு காதிலும் பஞ்சு. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. கட்டிலோரம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். ஒன்றும் ஆகாது, டாக்டர் நல்லபடியாகச் சொன்னார், அச்சகத்துக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகக் கத்தினார்:

"நீ ஏன் ஒண்ணுமே பேசமாட்டேங்கிற?"

தீப்புண் ஆறியது. கிழிந்த செவிப்பறையும் ஒட்டியது. அதற்குப் பின்னால் இருக்கிற நரம்பு ஆறவில்லை. காது டாக்டர் ஒரு வரைபடத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய் அப்புறம் ஓடைக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. "கீழ்ச் சத்தமெல்லாம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. மேல போகப் போக ஒண்ணும் இல்ல. பெரிய சத்தம் வந்தா வலிக்கும். மிசின் மாட்டலாம், ஆனா பழைய மாதிரி எதிர்பாக்காதீங்க" என்றார். காத்திருக்கிற பெஞ்சில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். ஏழாயிரம்பண்ணைக்காரி, என் வயதுதான் இருக்கும். அதே கம்பெனியில் சரவெடிச் சரம் பின்னுகிற வேலை. வெடித்த அறையில் அவளுடைய அக்கா இருந்திருக்கிறாள். இவள் பக்கத்து ஷெட்டில். அவளுக்கும் இரண்டு காதும் போயிருந்தது, இவரைவிட மோசமாக. பக்கத்தில் வெடி வெடித்தாலும் எட்டாதாம். அவளும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பேசினாலும் கேட்காதே, வேறென்ன செய்வார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எங்கள் ஊர் எவ்வளவு சத்தமான ஊர் என்று எனக்குத் தெரிந்தது. ஏதாவது ஒரு கம்பெனியில் புது வெடியைச் சோதித்துப் பார்ப்பார்கள். கல்யாணம், கோயில், கட்சி ஊர்வலம் எதுவானாலும் வெடி. எங்களுக்குத் தூரத்தில் கேட்கிற ஒரு வெடி அவரைச் சுருட்டிப் போட்டுவிடும். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கேட்காத காதுக்கு வலி மட்டும் எப்படித் தெரிகிறது என்று மாமியார் என்னைக் கேட்டுக் கேட்டு அழுவார். எனக்கு என்ன தெரியும்? கீழே மிசின் ஓடும்போது அவரால் அச்சகத்துக்குள் நுழைய முடியவில்லை. எங்கள் குரல் அவருக்கு ஏதோ முணுமுணுப்பாக விழுந்தது, வார்த்தையாக விழவில்லை. அச்சடித்து வீணான லேபிள் தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில் எழுதி எழுதிக் காட்டினோம். சாப்பிடுறீங்களா. கரண்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கு. அம்மாவுக்குக் காய்ச்சல்.

பியானோவை நான் மூடி வைத்திருந்தேன். ஒருநாள் தூசி தட்டுகிற சாக்கில் ஒரு கட்டையை அழுத்தினேன். மாமியார் அடுப்படியிலிருந்து வேகமாக வந்தார்.

"காது போன மனுசன் உக்காந்திருக்க வீட்டுல என்னத்தா வாசிப்பு வேண்டியிருக்கு?"

திட்டுகிற குரல் இல்லை. என்னிடம் கெஞ்சுகிற குரல். நான் மூடியை இறக்கப் போனேன். அதற்குள் தரையில் படுத்திருந்த என் கணவர் தலையைத் தூக்கி, "இப்ப ஏதும் தட்டுனியா?" என்று கேட்டார். நான் தட்டியது கடைசி இடதுபக்கத்துக் கட்டை. ரொம்பக் கீழ்ச் சுரம்.

அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பியானோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கேட்டால் கையைத் தூக்குங்க என்று எழுதிக் காட்டினேன். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு வந்தேன். கை தூக்கினார். அடுத்தது. கை தூக்கினார். மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நடுக் கட்டையைத் தாண்டிச் சில கட்டைகள் போன பிறகு கை தயங்கியது. அதற்கு மேல் கை எழவே இல்லை. நான் அழுத்திக்கொண்டே போனேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டு, "இப்ப அழுத்துறியா?" என்று கேட்டார். கை எழுந்த கடைசிக் கட்டையில், பெட்டி கட்டுகிற சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டினேன்.

அதற்கு இடது பக்கம் அவருடையது, வலது பக்கம் அவருக்கு இல்லாதது என்று வைத்துக்கொண்டேன். என்னிடம் இருக்கிற பாட்டையெல்லாம் அந்த நூலுக்கு இடது பக்கமாகக் கொண்டுவந்துவிட்டால் அவர் கேட்டுவிடுவார். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. இந்த இசையில் இரண்டு குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். சில சமயம் மூன்று. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று விலகி இருப்பதால்தான் அவை தனித்தனியாகக் கேட்கின்றன. எல்லாவற்றையும் கீழே இறக்கினால் ஒரே குழப்பமாகிவிடும். ஒரு குரல் பேசி முடிக்கும் வரை இன்னொன்றைக் காத்திருக்க வைத்தேன். துரத்தல் போய், கேள்வியும் பதிலும் மாதிரி ஆனது. உதறல்களை எல்லாம் எடுத்தேன். அவை மேலே இருந்தால்தான் அழகு, கீழே வந்தால் கரகரக்கும். வேகத்தைப் பாதியாக்கினேன். சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே பழைய கம்பளித் துணியைக் கிழித்து ஒரு பட்டை தொங்கவிட்டேன், வலிக்காமல் இருக்க. பெரிய பியானோவாக இருந்திருந்தால் கீழ்ப்பக்கம் முழுக்க ஒரே முழக்கமாக இருந்திருக்கும். இதில் ஒற்றைக் கம்பி என்பதால் கொஞ்சம் தெளிவாகவே இருந்தது. முதலில் அவருடைய நடக்கிற பாட்டைத்தான் மாற்றினேன். இடது கையின் காலடி ஏற்கெனவே கீழேதான் இருக்கிறது. பிந்தி வந்து சேர்கிற வலது கையைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்ததும் அது காலடிக்குள்ளேயே விழுந்து காணாமல் போனது. அதைப் பிரித்து எடுக்கவே எனக்கு வாரக்கணக்கானது.

வாசித்துக் காட்டினேன். அவர் ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தலை மெல்ல ஆடியது. முடிந்ததும் கண்ணைத் திறந்து, "கேக்குது. நல்லாருக்கு" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் மாமியாரைக் கட்டிக்கொண்டேன். அவர் அன்றைக்கு சேமியாப் பாயசம் வைத்தார்.

அந்த வருசம் முழுக்க எனக்கு இதே வேலை. தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஸ்டூலைப் போடுவார். நான் புதிதாக மாற்றியதை வாசிப்பேன். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்தன. மூலத்தில் இருந்த துள்ளல் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் வேறு என்னவோ வந்திருந்தது, சாயங்காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதைப் போல. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. யாருக்காவது வாசித்துக் காட்டலாமா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அவர் தலையாட்டுவார். "நல்லாருக்கு" என்பார்.

அடுத்த சித்திரை வெயில் மோசமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லா வருசமும் மோசம்தான், ஆனால் அந்த வருசம் மரச்சாமான்களில் ஆணி கழன்று விழுந்தது. அலமாரிக் கதவுகள் கோணிக்கொண்டன. ஒருநாள் காலையில் பியானோவைத் திறந்து தட்டினால் கீழ்க்கம்பிகள் பாதி இறங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. உள்ளே பலகையில் நீளவாக்கில் ஒரு விரிசல். பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். ஆடி கழிந்துதான் வர முடியும், அதுவரைக்கும் பக்கத்தில் வாளியில் தண்ணீர் வை என்றார்.

மத்தியானம் அவர் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டார். இன்றைக்கு வேண்டாம், கம்பி எல்லாம் இறங்கிக் கிடக்கு என்று எழுத ஒரு தாளை எடுத்தேன். என்ன நினைத்தேனோ, எழுதாமல் வைத்துவிட்டு வாசித்தேன். நடக்கிற பாட்டைத்தான் வாசித்தேன். கேட்கச் சகிக்கவில்லை. அடுப்படியில் இருந்த மாமியாரே, "என்னத்தா அது, கொலை பண்ணுற மாதிரி?" என்று எட்டிப் பார்த்தார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எப்போதும் ஆடுகிற அதே இடத்தில் தலை ஆடியது. முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

ஒரு கம்பி நூலிழை இறங்கியதைக் கண்டுபிடித்துச் சொன்ன மனிதர். நான் தாளை எடுத்து எழுதினேன்: இன்னைக்கு சுருதி சேரவே இல்லை. உங்களுக்குத் தெரியலையா?

அவர் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே பேசினார். தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரியாததால் அப்போதெல்லாம் அவர் ரொம்ப மெதுவாகப் பேசப் பழகியிருந்தார்.

"சுருதியெல்லாம் தெரியல. தட்டுறது மட்டும் தெரியுது. சட்டிய அகப்பையால தட்டுற மாதிரி. எந்தக் கட்டையத் தட்டுனாலும் அதே சத்தந்தான்."

"முதல்லேர்ந்தே அப்படித்தானா?" வாயசைப்பைப் படித்துவிட்டார்.

"முதல்லருந்தே."

"பின்ன ஏன் நல்லாருக்குன்னீங்க?"

"நீ எம்புட்டு பாடுபட்ட. எப்படிச் சொல்லச் சொல்ற?"

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. கட்டைகள் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வருசமாக நான் ஒவ்வொரு சுரமாகப் பார்த்துப் பார்த்துக் கீழே கொண்டுவந்து வைத்ததெல்லாம் அவருக்குச் சட்டியைத் தட்டுகிற சத்தமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு, எங்கே தலையாட்ட வேண்டும் என்று தட்டல்களை எண்ணிப் பழகி, தினமும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவரே திரும்பவும் பேசினார். "காதுக்குள்ள வேற ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. விசில் மாதிரி. நிக்கிறதே இல்ல. தூங்கும்போதுகூட. இது வரைக்கும் யார்ட்டயும் சொல்லல."

எந்த மாதிரி விசில், எவ்வளவு உயரம் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உதட்டைக் குவித்து ஊதிக் காட்டப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. ஊதுவது தனக்கே கேட்காதபோது சரியாக ஊதுகிறோமா என்று எப்படித் தெரியும்? நான் நூல் கட்டிய கட்டைக்கு வலது பக்கம் போய் ஒவ்வொன்றாக அழுத்தினேன். இதுவா? இல்லை என்று தலையை ஆட்டினார். இதுவா? இல்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் அழுத்துவது எதுவுமே அவருக்குக் கேட்கவில்லை. கேட்காததை வைத்து எதை ஒப்பிடுவார்? எனக்காக ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்கிற ஒரே சுரத்தை என்னால் கேட்க முடியாது. நான் வாசிக்கிற ஒரு சுரமும் அவருக்குப் போய்ச் சேராது. மூடியை இறக்கிவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு அவர் மத்தியானத்தில் ஸ்டூல் போடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவரைப் பார்த்தால் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. காதில் பஞ்சை அடைத்து மேலே துணி கட்டிக்கொண்டு அச்சகத்துக்குள் போகத் தொடங்கினார். மிசின்மேல் கை வைத்துப் பார்த்து ஏதாவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று முயற்சி செய்தார். முடியவில்லை. புரூஃபில் நிறம் பார்க்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாயிரம்பண்ணைப் பெண் வந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்தவள். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். பேசும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"அண்ணாச்சி, நல்லாருக்கீகளா? மிசினு மாட்டுனா கேக்குதான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். கம்பெனில பாதிப் பணம் தாறேங்காக. வாங்கவா வேண்டாமா?"

அவருக்கு விளங்கவில்லை. நான் எழுதிக் காட்டினேன். அவளுக்கும் எழுத்து தெரியும் என்பதால் அந்தத் தாள் மூன்று பேருக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே போய்த் தன் மிசினை எடுத்து வந்தார். மதுரையில் வாங்கியது, போட்டால் வலிக்கிறது என்று டப்பாவிலேயே கிடந்தது. துடைத்து அவளிடம் கொடுத்தார். காதில் மாட்டி, நான் திருகியை மெல்லத் திருப்பினேன். அவள் முகம் முதலில் மலர்ந்தது. கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மிசினைப் பிடுங்கி மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேண்டாம்" என்றாள். "இது வேண்டாம்."

மாமியார் அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்துக்கொண்டே பியானோவைப் பார்த்தாள். இது என்ன என்று சைகையில் கேட்டாள். வாசிக்கிறது என்று அவர் விரலை ஆட்டிக் காட்டினார்.

"வாசிங்கக்கா, பாப்போம்" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்காத இரண்டு பேருக்கு, இறங்கிய கம்பிகளோடு இருக்கிற பியானோவில் என்ன வாசிப்பது? மறுத்தால் அவள் முகம் வாடிவிடும். உட்கார்ந்தேன். மாற்றியது எதையும் வாசிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வாசித்த ஒன்றை, நூலுக்கு வலது பக்கத்தில், முழு வேகத்தில், உதறல் எல்லாம் வைத்து வாசித்தேன். ரொம்ப நாள் ஆனதால் விரல்கள் தடுக்கின. சுருதி அலங்கோலமாக இருந்தது. கேட்டுச் சங்கடப்பட மாமியார் ஒருத்தர்தான் அங்கே இருந்தார்.

அவள் எழுந்து பக்கத்தில் வந்து நின்று என் விரல்களையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நாங்க சரம் பின்னுறதவிட வேகமா இருக்கே!" என்று கத்திக்கொண்டு, தன் கையை நீட்டி, வெடிகளைத் திரியோடு சேர்த்துப் பின்னுகிற மாதிரி காற்றில் பின்னிக் காட்டினாள். அவளுக்கும் வேகமான விரல்கள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை பார்க்கவில்லை.

இப்போது எங்கே வேலை பார்க்கிறாய் என்று எழுதிக் கேட்டேன்.

"அதே சரம்தான்க்கா. வேற கம்பெனி. வேன் வருது, ஏறிப் போறேன்."

மறுபடியுமா என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"வேற எங்க போறது? காது இல்லாதவள எவன் வேலைக்கு வச்சுக்கிடுவான்? சரம் பின்ன காது எதுக்கு?" என்றாள். பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "அக்கா இருந்த கம்பெனிக்கு மட்டும் போகல" என்றாள்.

அந்தத் தாளை என் கணவர் வாங்கிப் பார்த்தார். என் கேள்வி மட்டும்தான் அதில் இருந்தது. பதிலை அவளுடைய முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அவள் இப்போது வேலை பார்க்கிற கம்பெனியின் லேபிளும் எங்களிடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாளின் மறுபக்கத்தில்கூட அதுதான் இருந்திருக்கும்.

மாமியார் ஒரு பையில் காராச்சேவும் வாழைப்பழமும் போட்டுக் கொடுத்தார். அவள் இறங்கிப் போனாள். நானும் என் கணவரும் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெரு வெறிச்சென்று இருந்தது. அவள் நடுரோட்டில் நடந்தாள். பின்னால் முனையிலிருந்து பேப்பர் லோடு ஏற்றிய ஒரு லாரி திரும்பியது. ஹாரன் அடித்தது. அவள் நடந்தாள். மறுபடி அடித்தது. நான் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற அவரும் திரும்பவில்லை. அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் விடாமல் அடித்தபோதுதான் வலியில் தலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

லாரி அவளுக்குக் கொஞ்சம் பின்னால் வந்து, சக்கரம் தேய நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதேதோ திட்டினார். அவள் பையைத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். ஒரு லாரி வந்து நின்றது அவளுக்குக் கடைசி வரை தெரியாது.

அவர் கைப்பிடியை விடாமல் நின்றார். "எம் பின்னால எத்தனை வந்து நின்னுச்சோ" என்றார்.

பட்டறைக்காரர் சொன்னபடி வந்தார். விரிசலுக்குப் பசை வைத்து, கம்பிகளை ஏற்றிவிட்டுப் போனார். இந்த ஊர்க் காற்றுக்கு இது நிற்காது, வருசத்துக்கு ஒருமுறை இப்படித்தான் என்றார். நான் காலையில் மிசின்கள் ஓடும்போது வாசிக்கிறேன். இரண்டு விதமாகவும் வாசிப்பேன். எது எனக்குப் பிடித்தது என்று இப்போது தெரியவில்லை.

அவள் தீபாவளி முடிந்ததும் ஒருமுறை வருவாள், ஊர்க் கோயிலில் பங்குனிப் பொங்கலுக்கு ஒருமுறை வருவாள். வந்தால் வாசிக்கச் சொல்வாள், பக்கத்தில் நின்று பார்ப்பாள். கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கிவிடுவார். அவளைத் தனியாக விட அவருக்கு மனமில்லை, பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்பார். வேண்டாம், போர்மேன் போகட்டும் என்று நான் எழுதிக் காட்டினால் படிக்காமல் போய்விடுவார். இருவரும் கையால் ஏதோ பேசிக்கொண்டே தெருவோரமாகப் போவார்கள். பேச்சு முகத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்பதால், ரோட்டை இரண்டு பேருமே பார்ப்பதில்லை. நான் மாடியில் நின்று அவர்களுக்குப் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்ப்பேன், அவர்கள் முனை திரும்புகிற வரைக்கும்.